கூட்டக் கொப்பியில் எந்தச் சொல்லை எழுதுவது?

பாலைப்பழம் (கேள்வி) – செவ்வாய், இரவு 9.40

வணக்கம். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு வீதியில் கொஞ்சத் தூரம் போய் உள்ளே திரும்பினால் வரும் ஒரு கிராமத்தில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளராக ஒன்பது வருடமாக இருக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். இதுவரை நான்கு சீ.ஆர். கொப்பிகள் நிரப்பியிருக்கிறேன். கச்சான் விதை பங்கிட்டது, சிரமதானம், யாருடைய ஆடு யாருடைய மரவள்ளியைத் தின்றது என்பதுவரை எல்லாம் என் கையெழுத்தில் இருக்கிறது. எழுதச் சொல் கிடைக்காமல் நிற்பது இதுதான் முதல் தடவை.

எங்கள் சங்கத்தில் ஒருத்தி இருக்கிறாள். தங்கச்சி என்றே எழுதுகிறேன். 2009 மே மாதத்தில், யுத்தம் முடியும் நேரம், வட்டுவாகலில் கணவனை இராணுவத்திடம் கையளித்தவள். மகனுக்கு அப்போது இரண்டு வயது, மகள் வயிற்றில். அந்தப் பிள்ளை மெனிக் பாம் அகதி முகாமில், தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்த காலத்தில் பிறந்தது. இப்போது சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிறது.

வீட்டுத்திட்டம் வந்தபோது 550,000 ரூபாய் கட்டம் கட்டமாகக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் நடந்ததுதான் அவளுக்கும் நடந்தது. மணலும் சீமெந்தும் விலையேற, கூரை மட்டத்தில் காசு முடிந்தது. முதல் நுண்கடன் ஓட்டுக்கு. இரண்டாவது, முதலாவதைக் கட்ட. 2017 இல் மூன்று கம்பனிகள், திங்கள் ஒன்று, செவ்வாய் ஒன்று, வியாழன் ஒன்று. குழுக் கடன் தெரிந்தவர்களுக்கு விளங்கும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும், கட்டும்வரை வசூலிக்க வருகிறவர் முற்றத்தை விட்டு எழும்ப மாட்டார். இருட்டினாலும் எழும்ப மாட்டார்.

அப்படி ஒரு வியாழக்கிழமைதான் வந்தவர் அவளிடம், "நீங்கள் மனம் வைத்தால் இந்தக் கிழமையை நான் கட்டிவிடுகிறேன்" என்றார். தவணை 1,850 ரூபாய். தவணை பதியும் அட்டையை நான் பார்த்திருக்கிறேன். எல்லாக் கிழமையும் கறுப்பு மையில் பதிந்திருக்க, ஆறு கிழமைகள் மட்டும் நீல மையில் இருந்தன.

2018 இல் வறட்சி மாவட்டங்களில் பெண்கள் எடுத்த நுண்கடனை, 100,000 ரூபாய் வரை, அரசாங்கம் தள்ளுபடி செய்தது. படிவங்களை நிரப்பிக் கொடுத்தது நான்தான். அவளுடைய இரண்டு கடன்கள் போயின. வியாழக்கிழமைக் கடன் போகவில்லை. மூன்று மாதத்துக்கு மேல் நிலுவையில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த அட்டையில் ஒரு கிழமைகூட வெறுமையாக இல்லை.

அதற்குப் பிறகுதான் வவுனியாவுக்குப் போகத் தொடங்கினாள். அங்கே ஓர் அன்ரி அறை கொடுத்துப் பாதியை எடுத்துக்கொண்டாள். யார் வருவது, எத்தனை பேர், எல்லாம் அன்ரியின் முடிவு. 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறி, மாவும் பருப்பும் வாங்க முடியாமல் நாடே வரிசையில் நின்றபோது அன்ரியை விட்டுவிட்டாள். இப்போது கையில் ஒரு தொலைபேசி. மாதத்தில் இரண்டு, மூன்று தடவை போவாள். தெரிந்தவர்கள் மட்டும், அவள் சொல்லும் நாள், அவள் சொல்லும் காசு. மகளின் கணித வகுப்புக் காசு அதிலிருந்துதான் வருகிறது.

சென்ற மாதம் ஒரு நிறுவனத்திலிருந்து பிள்ளைகள் இருவர் படிவத்துடன் வந்தார்கள். நல்ல பிள்ளைகள். ஆறாவது கேள்விக்கு இரண்டு பெட்டிகள்: "கட்டாயம்", "சுயவிருப்பு". கட்டாயத்தில் சரி போட்டால் தையல் மெசினும் ஆறு மாதப் பயிற்சியும் உண்டு. சுயவிருப்பு என்றால் ஒன்றும் இல்லை. தங்கச்சி பேனையைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அக்கா, நான் எந்தப் பெட்டிக்குள் இருக்கிறேன்? அன்ரியிடம் போனது கட்டாயம். இப்போது போவது நான். அந்த வியாழக்கிழமையை எதற்குள் போடுவது?"

படிவத்தை நிரப்பாமலே திருப்பிக் கொடுத்தாள். ஆனால் வாசலில் நின்ற யாரோ கேட்டிருக்கிறார்கள். இப்போது பதினொரு பேர் கையெழுத்திட்ட மனு என் மேசையில் கிடக்கிறது, அவளைச் சங்கத்திலிருந்து நீக்க வேண்டும் என்று. தலைவி "ஒழுக்கக் கேடு என்று எழுது" என்கிறார். உபதலைவி, கட்டாயப்படுத்தப்பட்டிருந்தால் பாவம், விட்டுவிடலாம், விரும்பிப் போனால் நீக்கத்தான் வேண்டும் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். கொப்பியில் நான் எந்தச் சொல்லை எழுதுவது?

நெடுங்கேணிக்காரன், டொரொன்டோ – செவ்வாய், இரவு 10.55

வாசிக்கவே நெஞ்சு வலிக்கிறது. இயக்கம் இருந்த காலத்தில் நடுச்சாமத்தில் ஒரு பெண் தனியாகச் சைக்கிளில் போவாள். இன்றைக்கு இந்த நிலை. இது தானாக வந்த சீரழிவு இல்லை, ஒவ்வொரு சந்திக்கும் ஒரு முகாமைப் போட்டு வைத்தவர்கள் திட்டமிட்டுச் செய்தது. அந்தச் சகோதரிக்குத் தையல் மெசின் வாங்க நான் காசு அனுப்புகிறேன், விபரம் தாருங்கள். ஆனால் அவர் அந்தத் தொழிலை விட்டுவிட்டதாக முதலில் எழுதித் தர வேண்டும்.

பாலைப்பழம் – செவ்வாய், இரவு 11.10

அண்ணா, மனதுக்கு நன்றி. எங்கள் கிராமத்தில் 64 குடும்பங்கள், 19 தையல் மெசின்கள். பதின்மூன்று மெசின்கள் மேல் சீலை போர்த்திக் கிடக்கின்றன, ஒன்றின் மேல் தொலைக்காட்சி வைத்திருக்கிறார்கள். சந்தையில் ஆயத்தச் சட்டை மலிவாகத் தொங்கும்போது யாருக்குத் தைப்பது? எழுதித் தரும் விடயத்தை அவளிடம் நான் கேட்க மாட்டேன்.

மருதநிழல் – புதன், காலை 6.20

நெடுங்கேணி அண்ணைக்கு ஒன்று. முகாம்களைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் பழைய காலத்தை முழுவதும் கழுவித் துடைத்து வைக்காதீர்கள். எண்பதுகளில் வடக்கில் மின்கம்பத்தில் ஆட்களைக் கட்டிச் சுட்டுவிட்டு "சமூக விரோதி" என்று மட்டையில் எழுதித் தொங்கவிட்டார்கள். அதில் பெண்களும் இருந்தார்கள். பாடசாலைக்குப் போகிற வழியில் ஒன்றை நானே பார்த்தேன், அப்போது எனக்குப் பத்து வயது. எழுத்து வடிவான எழுத்து. அந்த மனுசி ஏன் அந்தத் தொழிலுக்குப் போனாள் என்று மட்டையில் எழுதியிருக்கவில்லை.

கறுப்புக்கோட் – புதன், மதியம் 1.15

வவுனியாவில் சட்டத்தரணியாக இருக்கிறேன். முதலில் கொப்பியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் ஞாயிறு நெருங்குகிறது. "ஒழுக்கக் கேடு" என்று தயவுசெய்து எழுதாதீர்கள். நாளை ஒரு வழக்கு வந்தால் உங்கள் சீ.ஆர். கொப்பி நீதிமன்றத்தில் ஆவணமாகும். கையெழுத்து உங்களுடையது.

இலங்கையில் வயது வந்த ஒரு பெண் காசுக்காக உறவு கொள்வதைக் குற்றம் என்று சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. இதைச் சொன்னால் பொலிஸ்காரரே நம்ப மாட்டார்கள். இருப்பவை 1841 ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும், 1889 ஆம் ஆண்டின் விபசார விடுதிகள் கட்டளைச் சட்டமும்தான். முன்னையது பொது இடத்தில் ஆள் பிடிப்பதைப் பற்றியது, பின்னையது விடுதி நடத்துவதைப் பற்றியது. ஆனால் பிடிபட்டு வரும் பெண்களில் அநேகர், வழக்காடினால் பல தவணை அலைய வேண்டும் என்று, முதல் நாளே குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டிவிட்டுப் போகிறார்கள். செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்வதும் ஒரு விருப்பம்தான், நீங்கள் கேட்கும் அர்த்தத்தில்.

கட்டாயம் என்றால் என்ன என்பதற்கும் சட்டத்தில் விடை உண்டு. ஆட்கடத்தல் பற்றிய 2000 ஆம் ஆண்டின் ஐ.நா. நெறிமுறையை இலங்கை 2015 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அடி, மிரட்டல், ஏமாற்று மட்டுமல்ல, ஒருவருடைய இக்கட்டான நிலையைப் பயன்படுத்தி அவரை வைத்துப் பிழைப்பதும் அதில் வருகிறது. அப்படிப் பெற்ற சம்மதம் செல்லாது. வவுனியா அன்ரியை அந்தக் கண்ணால் பார்க்க வேண்டும். வசூலுக்கு வந்தவர் செய்தது வேறு கதை. தண்டனைச் சட்டக் கோவையின் 345 ஆம் பிரிவு பாலியல் தொந்தரவைப் பற்றியது, ஐந்து வருடம் வரை சிறை உண்டு. 2018 இல் இங்கு வந்த ஐ.நா. நிபுணர் ஒருவர், தவணைக்குப் பதிலாக வசூலிப்பவர்கள் பெண்களிடம் இதைக் கேட்பதைப் பகிரங்கமாகவே சொல்லிவிட்டுப் போனார். ஆகவே உங்கள் தங்கச்சி தனி ஆள் இல்லை. நீல மைக் கிழமைகள் உள்ள அட்டை இன்னும் இருந்தால் அதைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். வழக்குப் போடுவதும் விடுவதும் அவருடைய முடிவு.

ஊசிநூல் – புதன், இரவு 8.05

நான் கிளிநொச்சிப் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் நான்கு வருடம் வேலை செய்தேன். காலை ஐந்து மணிக்கு பஸ், ஒரு மணித்தியாலத்துக்கு இத்தனை கொலர் என்று கணக்கு, கழிப்பறைக்குப் போனால் மேற்பார்வையாளர் மணிக்கூட்டைப் பார்ப்பார். அங்கே எங்களிடம் யாரும் படிவம் கொண்டுவந்து விருப்பமா கட்டாயமா என்று கேட்கவில்லை. அதற்காக இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஒன்றல்ல. கொலர் தைத்த கையைக் கழுவிவிட்டு வந்தால் வீட்டில் யாரும் என்னைக் குறைவாகப் பார்க்கவில்லை.

எனக்கும் அதே குழுக் கடன் இருந்தது. எங்கள் முற்றத்திலும் ஒருவர் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார். நான் போகவில்லை. அதற்கு என்னுடைய ஒழுக்கம் காரணம் இல்லை, சுவிஸில் இருக்கும் அண்ணன்தான் காரணம். அன்றிரவு அவருக்கு வேலை முடிந்து தொலைபேசியை எடுத்தார், காசு வந்தது. எடுக்காமல் விட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு. மனு எழுதிய பதினொரு பேருக்கும் எங்கெங்கே அண்ணன்மார் இருக்கிறார்கள் என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கள்.

பெயர் வேண்டாம் – வியாழன், அதிகாலை 2.30

செவ்வாய் இரவிலிருந்து இதை வாசிக்கிறேன். நானும் அந்தத் தொழில்தான். ஏ9 வீதிப் பக்கம் இருக்கிறேன். வயது 41.

எல்லோரும் அந்தத் தங்கச்சியைப் பற்றிப் பாவம், பாவம் என்கிறீர்கள். என்னிடம் படிவம் கொண்டுவந்தவர்களும் அப்படித்தான் பார்த்தார்கள். கட்டாயம் என்று சொன்னால் அழ வேண்டும். அழாவிட்டால் நம்ப மாட்டார்கள். நான் அழவில்லை, ஆகவே சுயவிருப்பு.

என்னை யாரும் கட்டிப்போடவில்லை. கணவன் இருந்தார், குடித்தார், அடித்தார், போய்விட்டார். தோட்ட வேலைக்குப் போனேன். ஒரு நாள் வெங்காயம் கிண்டினால் வருவதைவிட இதில் ஒரு மணித்தியாலத்தில் கூட வந்தது. முதல் சேர்த்த காசில் தண்ணீர்ப் பம்பு வாங்கினேன். அந்தப் பம்பு முதல் தடவை தண்ணீர் இறைத்தபோது சந்தோசப்பட்டேன், அதையும் எழுத வேண்டும் என்றால் எழுதுங்கள்.

ஆனால் பம்பு வாங்கிய நானும், ஒருநாள் மூன்று பேர் ஒன்றாக வந்து நின்றபோது கதவைத் திறந்த நானும் ஒருத்திதான். அன்றைக்கு எனக்கு விருப்பம் இல்லை. போ என்று சொல்ல முடியவில்லை, சொன்னால் ஊர் எழும்பும், என் பெயர்தான் கெடும். பொலிஸுக்குப் போக முடியாது, போனால் என்னைத்தான் ஏற்றுவார்கள். அதற்குப் பிறகு ஒரு ஓட்டோக்காரத் தம்பியுடன் பேசி வைத்திருக்கிறேன். ஒரு தடவை அழைத்து வெட்டினால் அவர் வந்து வாசலில் ஹோர்ன் அடிப்பார். குடித்துவிட்டு வருபவரை எடுப்பதில்லை. உறை இல்லாமல் இல்லை. மாவட்ட வைத்தியசாலையின் பாலியல் நோய்ப் பிரிவுக்கு ஒழுங்காகப் போகிறேன். அங்கே இலக்கம்தான், பெயர் கூப்பிட மாட்டார்கள், பரிசோதனை இலவசம். இதையும் அந்தத் தங்கச்சியிடம் சொல்லுங்கள்.

கறுப்புக்கோட் ஐயாவுக்கு ஒரு கேள்வி. என் சம்மதம் செல்லாது என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். சரி. நான் "ஆம்" என்பதே செல்லாது என்றால், "இல்லை" என்று கத்தும்போது அது மட்டும் எப்படிச் செல்லும்?

பாலைப்பழம் அக்காவுக்கும் ஒன்று. குழுக் கடன் என்கிறீர்கள். குழு என்றால் ஐந்து பேர். அந்த வியாழக்கிழமை இருட்டும்போது மற்ற நான்கு பேரும் எங்கே இருந்தார்கள்?

கறுப்புக்கோட் – வியாழன், காலை 7.50

அம்மா, அந்த விதி உங்களை வைத்துப் பிழைக்கிறவனுக்கு எதிரானது. "அவள் சம்மதித்தாள்" என்று அவன் தப்பக்கூடாது என்பதற்காக. உங்களுடைய "இல்லை" சட்டத்தில் முழுமையாகச் செல்லும், எந்தத் தொழில் செய்தாலும். பொலிஸ் நிலைய வாசலில் செல்லுமா என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று விளங்குகிறது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. 1938 என்பது பெண்களுக்கான தேசிய உதவி இலக்கம். சட்ட உதவி ஆணைக்குழு வருமானம் குறைந்தவர்களிடம் காசு வாங்காது. இவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

பாலைப்பழம் – வியாழன், இரவு 11.30

பெயர் வேண்டாம் தங்கைக்கு.

முதல் நாள் எழுதும்போது ஒரு வரியை விட்டுவிட்டேன். நீங்கள் அதைப் பிடித்துவிட்டீர்கள்.

அந்த ஐந்து பேரில் நான் ஒருத்தி. மனுவில் கையெழுத்திட்ட மூன்று பேரும் அதே குழு. அன்று மாலை ஐந்து மணியிலிருந்து அவளுடைய முற்றத்துப் பலா மரத்துக்குக் கீழே நாங்கள் நான்கு பேரும் பாயில் இருந்தோம், வசூலுக்கு வந்தவர் பிளாஸ்டிக் கதிரையில். 1,850 ரூபாயை நான்காகப் பிரித்தால் ஆளுக்கு 462 ரூபாய் 50 சதம். நான் பிரித்துப் பார்த்தேன், அதனால்தான் இன்னும் நினைவிருக்கிறது. என் கையில் 500 இருந்தது. அடுத்த நாள் என் மகனுக்குப் பாடசாலைச் சுற்றுலா.

"எப்படியாவது கட்டிவிடு பிள்ளை, எங்களையும் இருத்தி வைக்காதே" என்று சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்? ஏழரை மணிக்கு அவர் எங்களைப் பார்த்து, "நீங்கள் போகலாம், நான் பேசி முடிக்கிறேன்" என்றார். நாங்கள் எழும்பிப் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் போனோம். வீதியில் யாரும் ஒன்றும் கதைக்கவில்லை.

பாலைப்பழம் – திங்கள், மாலை 5.45

கூட்டம் முடிந்தது. 27 பேர் வந்தார்கள். மனுவை நான் வாசித்தேன், பதினொரு பெயர்களையும் வாசித்தேன். பிறகு கடன் குழுவின் ஐந்து பெயர்களை வாசித்தேன், என் பெயரைக் கடைசியில். தலைவி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, இது எதற்கு இப்போது என்றார். அந்த மூவரில் இரண்டு பேர் கையெழுத்தை மீளப் பெற்றார்கள். மூன்றாவது ஆள், அது வேறு இது வேறு என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். மிகுதி எட்டுப் பேர் கொஞ்சமும் அசையவில்லை. உபதலைவி அழுதார், ஏன் என்று தெரியவில்லை. கொப்பியில் இப்படி எழுதினேன்: "மனு வாசிக்கப்பட்டது. இருவர் மீளப் பெற்றனர். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது."

இன்று காலை தங்கச்சி வீட்டுக்கு வந்தாள். கூட்டத்துக்கு வராதவள், ஆனால் எல்லாம் தெரிந்திருந்தது. மருத்துவப் பிரிவைப் பற்றிச் சொன்னேன், இலக்கம்தான் என்பதையும் சொன்னேன். "அங்கே நான் 2019 இலிருந்து போகிறேன் அக்கா" என்றாள். அட்டை இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, மகள் பரீட்சை எழுதி முடிக்கட்டும் என்றாள்.

பிறகு விலகல் படிவம் கேட்டாள். வேண்டாம், அடுத்த கூட்டத்தில் நான் பேசுகிறேன் என்றேன். "நீங்கள் பேசுவீர்கள் அக்கா, என் மகள்தான் அவர்களுடைய பிள்ளைகளுடன் ஒரே வகுப்பில் இருக்க வேண்டும்" என்றாள். எங்கள் சங்கப் படிவத்தில் அந்த வரி ஏற்கெனவே அச்சடித்திருக்கிறது: "எனது சுயவிருப்பின் பேரில் விலகிக்கொள்கிறேன்." கீழே கையெழுத்திட்டாள். அவளுடைய கையெழுத்து வடிவானது.

சேமிப்புக் கணக்கில் 14,600 ரூபாய் இருந்தது. நான் எண்ணிக் கொடுத்தேன், அவள் இரண்டு தடவை எண்ணினாள். துண்டு ஒன்று எழுதித் தாருங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.